திருச்சுழி சுந்தரமய்யர்

திருச்சுழி சுந்தரமய்யர் (இறப்பு: பிப்ரவரி 18, 1892) பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் திருச்சுழி மாஜிஸ்திரேட் கச்சேரியில் வழக்காடிய வக்கீல். சட்டப் பட்டம் பெற்றவரோ வக்கீல் தேர்வு எழுதியவரோ அல்லர். ஒரு கிராமக் கணக்கரிடம் மாதம் 2 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்து வேலை பார்த்துத் தொடங்கியவர். பிறகு மனு எழுதுபவராகி, அதன்பின் கோர்ட்டின் அனுமதியோடு கட்சிக்காரர்களுக்காகப் பேசும் உரிமையைப் பெற்றார். ரமண மகரிஷியின் தந்தை என்பதால்தான் இன்று அவர் பெயர் தெரிகிறது. ஆயினும் கரிசல் நாட்டின் ஒரு சிற்றூரில் வக்கீல் தொழில் எப்படி நடந்தது, ஊரில் அதற்கு என்ன இடம் இருந்தது என்பதை அறிய உதவும் மிகச் சில வாழ்க்கைக் குறிப்புகளுள் அவருடையதும் ஒன்று.

ஊரும் காலமும்

திருச்சுழி இன்று விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைமையிடம். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றின் கரையில் உள்ளது. பழம்பெயர் திருச்சுழியல். இங்குள்ள பூமிநாதர் கோயில் சுந்தரர் பாடிய பாண்டி நாட்டுத் தலங்களுள் ஒன்று. அம்மன் பெயர் துணைமாலையம்மன், வடமொழியில் சகாயவல்லி. பெருவெள்ளத்தைச் சிவன் சூலத்தால் துளையிட்டுச் சுழித்துப் போகச் செய்ததால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பது தலபுராணம். மழை குறைந்த ஒரு வட்டாரத்தின் ஊர்ப் பெயருக்குள் வெள்ளம் இருப்பது விசித்திரம்தான்.

சுந்தரமய்யர் காலத்தில் இந்தப் பகுதி மதுரை மாவட்டத்தில், இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்ததாக இருந்தது. இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல். விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985இல். பருத்தி, கம்பு, சோளம், மிளகாய் விளையும் கரிசலும், பனையும், வானம் பார்த்த கண்மாய்களுமே வட்டாரத்தின் பொருளாதாரம். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கடன். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876–78 பஞ்சத்தை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்திருந்தது.

இத்தகைய நிலத்தில் வழக்குக்குக் குறைவிருக்காது. மடைத் தண்ணீர், வரப்பு, குத்தகை, மேல்வாரம், கடன் பத்திரம், அடிதடி, களவு என்று கச்சேரி வாசலில் கூட்டம் கூடும். சின்ன வழக்குகள் மட்டும் இருந்த பகுதியும் அன்று இது. இந்தியச் சட்ட வரலாற்றில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகள் சில இந்த வறண்ட சீமையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றவை. சிவகங்கை ஜமீன் வாரிசுரிமை பற்றிய காத்தம நாச்சியார் வழக்கு 1863இல் முடிந்தது. கணவனை இழந்த இராமநாதபுரம் ராணி தத்து எடுத்தது செல்லுமா என்ற வழக்கில் 1868இல் தீர்ப்பு வந்தது. நடைமுறையில் இருக்கும் வழக்கம் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டால் அது சாத்திர வாசகத்தைவிட வலுவுடையது என்ற கருத்து அதில்தான் சொல்லப்பட்டது. திருச்சுழிக்கு அருகிலுள்ள கமுதியின் கோயிலில் 1897இல் நாடார்கள் நுழைந்ததைத் தொடர்ந்து எழுந்த வழக்கும் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது.

அந்த நெடிய ஏணியின் உச்சியில் லண்டன், நடுவில் சென்னை உயர் நீதிமன்றம், அதற்குக் கீழே மதுரைக் கோர்ட்டுகள். அடிப்படியில் திருச்சுழி மாஜிஸ்திரேட் கச்சேரி. சுந்தரமய்யர் நின்றது அந்த அடிப்படியில்.

இரண்டு ரூபாய் குமாஸ்தா

அவர் 12 வயதிலேயே சம்பாதிக்கத் தொடங்கினார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. கர்ணம் எனப்பட்ட கிராமக் கணக்கரிடம் வேலை. சம்பளம் மாதம் 2 ரூபாய். சம்பளத்தைப் பார்த்தால் சிறு வேலை. ஆனால் ஒரு சிறுவனுக்கு நிலத்தையும் மனிதரையும் படிக்க அதைவிட நல்ல பள்ளி இருந்திருக்க முடியாது. எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு தீர்வை, யார் பாக்கி, எந்தப் பங்காளிகளுக்குள் பேச்சு இல்லை என்பதெல்லாம் கர்ணத்தின் கணக்கில் இருக்கும்.

அடுத்த படி மனு எழுதுவது. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர் தம் குறையை வாயால் சொல்ல, அதைக் கச்சேரிக்கு ஏற்ற நடையில் தாளில் இறக்கித் தருவதே இத்தொழில். சொல்பவர் பத்து வருடப் பகையைச் சொல்வார். எழுதுபவர் அதிலிருந்து சட்டத்துக்கு வேண்டிய நான்கு வரியைப் பிரித்தெடுக்க வேண்டும். வழக்கை வகைப்படுத்தும் இந்தத் திறன் கைவந்தவருக்கு வக்கீல் தொழில் தொலைவில் இல்லை.

ஏறத்தாழ இதே இடத்தில் தொடங்கி வேறு திசையில் போன இன்னொருவரை இங்கே நினைக்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி டி. முத்துசாமி ஐயரும் தஞ்சை மாவட்டத்தில் கிராமக் கணக்கு உதவியாளராக மாதம் 1 ரூபாய்க்கு வேலை பார்த்தவர். அவருடைய கூர்மையைக் கண்ட தாசில்தார் ஒருவர் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். சுந்தரமய்யருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் அவருக்கு எட்டாத ஒன்றாகவே இருந்தது. திருச்சுழியை விட்டு வெளியே போகாமல் அவர் வளர்ந்தார்.

பட்டமில்லாத வக்கீல்

சுந்தரமய்யரை வரலாற்று நூல்கள் ஆங்கிலத்தில் 'சான்றிதழ் பெறாத பிளீடர்' என்ற பொருளில் குறிப்பிடுகின்றன. இதைக் கேட்டதும் சட்ட விரோதமாகத் தொழில் செய்தவர் என்று தோன்றக்கூடும். அது சரியன்று. அன்றைய வக்கீல்களில் பல வரிசைகள் இருந்தன. இங்கிலாந்தில் பயின்ற பாரிஸ்டர்கள் ஒரு புறம். பி.எல். பட்டம் பெற்று உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்த வக்கீல்கள் அடுத்து. அவர்களுக்குக் கீழே தேர்வு எழுதிச் சன்னது பெற்ற முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிளீடர்கள். இவர்கள் மாவட்ட, முன்சீப் கோர்ட்டுகளில் தொழில் நடத்தினர். 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலாளர் சட்டம் இந்த வரிசைகளை ஒழுங்குபடுத்தி, சான்றிதழ் இன்றித் தொழில் செய்வதற்குத் தண்டனையும் வைத்தது. சுந்தரமய்யரின் இரண்டாவது மகன் பிறந்ததும் அதே ஆண்டின் இறுதியில்தான்.

ஆனால் கிரிமினல் வழக்குகளுக்கு ஒரு வாசல் திறந்தே இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 'பிளீடர்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், குறிப்பிட்ட வழக்கில் கோர்ட்டின் அனுமதியோடு நியமிக்கப்படும் வேறு எவரும் அடங்குவர். மாஜிஸ்திரேட்டுக்கு நம்பிக்கை இருந்தால் போதும். சிற்றூர்களில் சன்னது பெற்ற வக்கீல் கிடைப்பது அரிது என்பதால் இந்த வாசல் நடைமுறைத் தேவையாகவும் இருந்தது. சுந்தரமய்யர் இப்படித்தான் மாஜிஸ்திரேட் முன் பேசும் உரிமை பெற்றார். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் பழைய வரிசைகளை எல்லாம் நீக்கி அனைவரையும் 'வழக்கறிஞர்' என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. அதன் 32ஆம் பிரிவு இன்றும் கூட, பதிவு பெறாத ஒருவரைக் குறிப்பிட்ட ஒரு வழக்கில் வாதாட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கோர்ட்டுக்கு விட்டுவைத்திருக்கிறது.

அனுமதி மாஜிஸ்திரேட்டின் நம்பிக்கையில் நிற்பது என்பதன் பொருள், அது எந்த நாளும் போகலாம் என்பதே. பட்டம் பெற்றவருக்கு ஒரு வழக்கில் பெயர் கெட்டாலும் பட்டம் மிஞ்சும். சுந்தரமய்யருக்கு நாணயம் ஒன்றே சன்னது. மாறி மாறி வந்த அதிகாரிகள் முன் அவர் தொடர்ந்து வழக்காடினார், வட்டாரத்தின் வழக்குகளில் பெரும் பங்கு அவரிடமே வந்தது என்பது அவர் அந்த நாணயத்தை எப்படிக் காத்தார் என்பதற்குச் சான்று. இரவில் வண்டியில் போகும்போது வழிப்பறிக்காரர்கள் கூட அவர் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு கதை சொல்வர். கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீலுக்கு இதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

இரண்டு பாதி கொண்ட வீடு

தொழில் பெருகியதும் பூமிநாதர் கோயிலுக்கு அருகே வீடு கட்டினார். அதில் ஒரு பகுதி குடும்பத்துக்கு, மற்றொரு பகுதி விருந்தினருக்கு. விடுதியும் ஓட்டலும் இல்லாத ஊர் அது. மாற்றலாகி வரும் அதிகாரி வீடு பார்க்கும்வரை தங்குவது, வாய்தாவுக்கு வெளியூரிலிருந்து வருபவர் ஒரு வேளை சாப்பிடுவது எல்லாம் சுந்தரமய்யர் வீட்டில்தான். மனைவி அழகம்மாள் அடுக்களையில் நின்று இதை நடத்தினார். அவருடைய உழைப்பு இல்லாமல் இந்தப் பெயர் சுந்தரமய்யருக்கு வந்திருக்காது என்பதை வாழ்க்கைக் குறிப்புகள் அழுத்திச் சொல்வதில்லை.

சுந்தரமய்யர் பெரிய பக்திமான் என்று சொல்லும்படி இல்லை. வீட்டில் பூசை உண்டு, கோயிலுக்குப் போவார், புராணம் கேட்பார். நடுத்தரக் குடும்பத்து ஒழுங்கு, அவ்வளவே. குடும்பத்தில் ஒரு கதை மட்டும் வழிவழியாகச் சொல்லப்பட்டது. ஒரு துறவிக்கு முன்னோர் சோறு இட மறுத்ததாகவும், தலைமுறைக்கு ஒருவர் துறவியாகிப் பிச்சை எடுப்பார் என்று அவர் சபித்ததாகவும் அந்தக் கதை. சுந்தரமய்யருடைய சிற்றப்பன்மாரில் ஒருவர் காவி உடுத்தார். அவருடைய தமையன் வெங்கடேசன் தலயாத்திரை என்று போனவர் திரும்பவில்லை. தண்டனையாகச் சொல்லப்பட்டதைக் குடும்பம் பின்னாளில் பேறாக எண்ணிக்கொண்டது.

பிள்ளைகள் நால்வர்: நாகசாமி, வெங்கடராமன், நாகசுந்தரம், அலமேலு. வெங்கடராமன் 1879 டிசம்பர் 30ஆம் நாள், ஆருத்ரா தரிசனத்தன்று நள்ளிரவு கடந்து பிறந்தான். பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர் இவரே. வெங்கடராமனின் சிறுவயதுக் கதை ஒன்றில் தந்தையின் தொழிலும் வருகிறது. வீட்டில் கட்டிவைத்திருந்த பழைய வழக்குக் கட்டுகளை எடுத்து, தோழர்களோடு சேர்ந்து காகிதக் கப்பல் செய்து தண்ணீரில் விட்டுவிட்டான். விஷயம் தெரிந்து சுந்தரமய்யர் கடுங்கோபம் கொண்டார். தலையை மொட்டையடித்துக் கோவணம் கட்டிவிடுங்கள் என்று கத்தியதாகச் சொல்லப்படுகிறது. பையன் காணாமல் போனான். தேடிப் பார்த்ததில் கோயிலில் அம்மன் சன்னதியில் ஒளிந்திருந்தான். பின்னாளில் மகன் தானாகவே தலையை மழித்துக் கோவணம் கட்டிக்கொண்டதால் இந்தக் கதைக்குத் தனிச்சுவை ஏற்பட்டுவிட்டது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கட்டுக்கட்டாகக் காகிதம் வைத்திருந்த ஒரு வக்கீல் வீட்டின் படம் இதில் கிடைக்கிறது.

தமக்குக் கிடைக்காத ஆங்கிலக் கல்வி மகன்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். ஊர்ப் பள்ளி முடிந்ததும் வெங்கடராமன் திண்டுக்கல்லுக்கு அனுப்பப்பட்டான்.

மறைவு

1892 பிப்ரவரி 18ஆம் நாள் சுந்தரமய்யர் காலமானார். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஐந்து வயது அளவில்தான் இருக்கும், வெங்கடராமனுக்கு 12. பட்டமோ பதவியோ இல்லாத தொழிலுக்குப் பென்ஷன் கிடையாது. சம்பாதித்தவர் போனதும் அந்த விருந்து வீடு கலைந்தது. மூத்த இருவரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையரிடம் போயினர். அழகம்மாளும் சிறு பிள்ளைகளும் மானாமதுரையில் இன்னொரு சிற்றப்பாவான நெல்லையப்பய்யரிடம் சென்றனர்.

அன்று எல்லாரும் அழுதுகொண்டிருக்க, தந்தையின் உடல் இங்கேயே கிடக்கும்போது தந்தை போய்விட்டார் என்கிறார்களே என்ற திகைப்பில் தான் பல மணி நேரம் யோசித்ததாக ரமணர் பின்னர் கூறியிருக்கிறார். பார்ப்பதும் நடப்பதும் உண்பதும் உடலை இயக்கும் 'நான்' என்ற ஒன்றே என்பது வரை அந்த யோசனை சென்றது. 1896 ஜூலையில் மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் அவருக்கு ஏற்பட்ட மரண அனுபவத்தைப் பற்றி எழுதுவோர் பலர். அதற்கு நான்கு ஆண்டு முந்தைய இந்தத் திருச்சுழி நாளைப் பற்றி எழுதுவோர் குறைவு. 1896 ஆகஸ்ட் 29இல் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அவர் வைத்துச் சென்ற கடிதத்திலும் தந்தையைத் தேடிப் போவதாகவே எழுதியிருந்தார். அங்கே தந்தை என்றது அருணாசலேசுவரரை.

சிற்றப்பாவின் வழக்கு

சுந்தரமய்யரின் தம்பி நெல்லையப்பய்யர் மானாமதுரையில் பிளீடர். அண்ணனைப் போலன்றிச் சன்னது பெற்றவர். 1898இல் வெங்கடராமன் திருவண்ணாமலையில் இருப்பது தெரிந்ததும் அவரை அழைத்துவர இவரே போனார். வேங்கடராம நாயக்கரின் மாந்தோப்பில் மௌனத்தில் இருந்தார் இளம் துறவி. உள்ளே விட மறுத்ததால் நெல்லையப்பய்யர் தம் பெயரையும் தொழிலையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி அனுப்பினார். அந்தத் தாள் ரிஜிஸ்திரார் ஆபீஸ் தாள் என்பதையும், அதன் மறுபக்கத்தில் இருந்த கையெழுத்து தமையன் நாகசாமியுடையது என்பதையும் துறவி கண்டுகொண்டார். எழுத்துத் தொழிலில் பிழைத்த குடும்பம் அது. ஒரு தாளைக் கொண்டே வீட்டு நிலவரம் தெரிந்துவிட்டது. நெல்லையப்பய்யர் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். எதிர்த்தரப்பு வாயே திறக்காத வழக்கு. வெறுங்கையோடு மானாமதுரை திரும்பினார்.

கோர்ட்டும் இந்தக் குடும்பத்தை முற்றாக விட்டுவிடவில்லை. 1930களில் ரமணாசிரமத்தின் நிர்வாக உரிமை குறித்து முன்னாள் ஊழியர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1936இல் ரமணர் கமிஷன் முன் சாட்சியம் அளித்தார். நான்கு ஆசிரமங்களில் தாங்கள் எதைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு, அவற்றைக் கடந்த அதியாசிரமம் என்று விடை சொன்னார். அப்படி ஒன்று உண்டா என்று வக்கீல் விடாமல் கேட்டதும் பதிவாகியுள்ளது. இந்தக் குழப்பங்களை அடுத்து 1938இல் ஆசிரமச் சொத்துகளுக்கு முறைப்படி உயில் எழுதப்பட்டது. நிர்வாகத்தை நடத்தியவர் நிரஞ்சனானந்த சுவாமி என்ற பெயரில் துறவு பூண்டிருந்த கடைசித் தம்பி நாகசுந்தரம்.

வக்கீல் எழுதிய வக்கீல் வரலாறு

சுந்தரமய்யரைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை பி. வி. நரசிம்ம சுவாமி 1931இல் வெளியிட்ட ஆங்கில நூலிலிருந்து வந்தவை. ரமணரின் விரிவான முதல் வரலாறு அது. நரசிம்ம சுவாமியும் துறவுக்கு முன் வக்கீல். சென்னையில் சட்டம் படித்துச் சேலத்தில் பேரோடு தொழில் நடத்தியவர், சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1921இல் பிள்ளைகள் இருவரைக் கிணற்றில் பறிகொடுத்தபின் தொழிலையும் அரசியலையும் விட்டு ஞானியரைத் தேடிப் புறப்பட்டார். ரமணரிடம் சில காலம் இருந்து, பிற்காலத்தில் ஷிர்டி சாயி பாபா வழிபாட்டைத் தென்னாட்டில் பரப்பியவராகவே அதிகம் அறியப்படுகிறார்.

அவருடைய நூலில் வக்கீல் கை தெரிகிறது. உறவினர், பள்ளித் தோழர், ஊரார் ஆகியோரிடம் கேட்டுச் சேர்த்திருக்கிறார். ரமணரின் மரண அனுபவத்தைத் தன்மையில் எழுதிவிட்டு, அவை ரமணர் சொன்ன அதே சொற்கள் அல்ல, பல நாள் உரையாடலிலிருந்து தொகுத்தவை என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறார். இந்தக் குறிப்பைப் பிற்காலப் பதிப்புகளும் மேற்கோள்காரர்களும் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். மகானின் தந்தை என்றால் அவரையும் மகானாக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நரசிம்ம சுவாமி அதைச் செய்யவில்லை. 2 ரூபாய்ச் சம்பளத்தையும், சான்றிதழ் இல்லாமையையும், அளவான பக்தியையும் உள்ளபடியே எழுதியது பிற்கால வாசகருக்குப் பெரிய உதவி.

சுந்தர மந்திரம்

திருச்சுழி வீடு பின்னாளில் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 1944இல் ரமணாசிரமம் அதை வாங்கி, தந்தையின் பெயரால் 'சுந்தர மந்திரம்' என்று பெயரிட்டது. ரமணர் பிறந்த அறை வழிபாட்டு இடமாகப் பேணப்படுகிறது. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீடு 'ரமண மந்திரம்' எனப்படுகிறது. விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதையில் அருப்புக்கோட்டையை அடுத்துத் திருச்சுழி நிலையம் வருகிறது. பஸ்ஸில் வருவோர் அருப்புக்கோட்டையில் மாறலாம். பூமிநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போகலாம். மார்கழித் திருவாதிரையிலும் ரமணர் ஜயந்தியிலும் கூட்டம் இருக்கும், மற்ற நாட்களில் அமைதியாக இருக்கும்.